எர்த்தம்மா

செல்வமணியின் வலது மணிக்கட்டில் சாமிகளுக்கே இடம் போதவில்லை. திருச்செந்தூர்க் கறுப்புக் கயிறு, ஆற்றுக்கால் மஞ்சள் கயிறு, சபரிமலைக்குப் போய்வந்தவன் எவனோ கொடுத்த சிவப்பு, எந்தக் கோயிலுடையது என்று அவனுக்கே மறந்துபோன ஒரு பச்சை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி முழங்கையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அத்தனைக்கும் மேலே, மெத்தை போட்டு உட்கார்ந்த மாதிரி, நீலப் பட்டையைக் கட்டியிருந்தான்.

பார்த்ததும் ரெனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எடே செல்வமணி, எர்த்து ஒனக்கா, ஒன் கயித்துக்கா?”

“கயிறும் நம்ம ஒடம்புல ஒண்ணுதானக்கா.”

“ஆமா, பெறக்கும்போதே கெட்டிட்டுல்லா வந்தே. அவுத்துத் தோலுல படுத மாதிரி கெட்டு.”

நீலப் பட்டை ரெனி கொண்டுவந்த சட்டம். ஆஸ்பத்திரி மெஷின்களை ரிப்பேர் பார்க்கிற அந்தக் கடையில் சர்க்யூட் போர்டைத் தொடுகிறவன் எவனாக இருந்தாலும் அதை மணிக்கட்டில் கட்டியாக வேண்டும். பட்டையின் உட்புறத்தில் உள்ள சின்னத் தகடு தோலில் பட வேண்டும். அதிலிருந்து போகிற சுருள் வயரை மேசை ஓரத்துக் குமிழில் மாட்ட வேண்டும். நடக்கும்போதும் உட்காரும்போதும் உடம்பில் சேர்கிற நிலைமின்சாரம் அந்த வழியாக மண்ணுக்குப் போய்விடும். போகாவிட்டால் விரல் நுனியிலிருந்து போர்டில் உள்ள ஐசி என்கிற சில்லுக்குப் பாயும். சுரீரென்று கடித்தால்தான் நமக்கு அது கரண்ட். ஐசிக்கு அதில் துளி போதும், சத்தமில்லாமல் செத்துப்போகும். ஒரேயடியாகச் செத்தாலாவது பரவாயில்லை. பாதி செத்து, டெஸ்டில் நல்லபிள்ளையாக ஓடிக் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன மறுவாரம் உயிரை விடும். பழி ரிப்பேர் பார்த்தவள் தலையில் விடியும்.

இதை அவள் சொல்லாத நாளில்லை. கடையைப் பெருக்க வருகிற சுசீலாபாயிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அதனால் ரெனிக்கு அங்கே எர்த்தம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது தெரியும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வந்து தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற சாலைக் கடைத்தெரு வரை நடந்து வருகிற ரெனிக்கு, வழியில் காண்கிற எல்லாவற்றின் மேலும் ஓர் இளக்காரம் உண்டு. கடை வாசலில் தொங்கும் எலுமிச்சம்பழம், மண்டிக்காரர்கள் தூபத்தைக் காட்டிவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குகிற வழக்கம், ராகுகாலம் முடியட்டும் என்று மூட்டையை இறக்காமல் நிற்கிற லாரி, எதையும் விடமாட்டாள். மற்ற மதத்தாரை மட்டும் சொல்கிறாள் என்றும் நினைக்க வேண்டாம். அவள் போகிற சபையில் எண்ணெய் ஜெபித்துக் கொடுக்கிற பாஸ்டரிடம், “இது பாமாயிலா தேங்காயெண்ணெயா?” என்று கேட்டு வீட்டாரைத் தலைகுனிய வைத்தவள். இவர்களெல்லாம் கட்டியிருப்பது நம்பிக்கை, நான் கட்டியிருப்பது விஞ்ஞானம் என்பது அவள் கட்சி.

கடை அரிசி மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஆஸ்பத்திரி மானிட்டர், ஈசிஜி மெஷின், மருந்து ஏற்றுகிற பம்ப் எல்லாம் அங்கே ரிப்பேருக்கு வரும். ஆரம்பித்தவர் சொரிமுத்து முதலாளி. அவர் காலத்தில் சிமெண்டுத் தரை, திறந்து கிடக்கிற கதவு, தலைக்கு மேலே காற்றாடி. எல்லோரும் வெறுங்காலோடு, வேர்வையில் நனைந்துகொண்டு வேலை செய்தார்கள். துவைத்த துணியே காயாத ஊரில் நிலைமின்சாரம் எங்கே தங்கும்? அப்படியும் ரெனி விடவில்லை. கிழவரை நச்சரித்து, கடைக்குப் பின்னால் மூலையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டவைத்தாள். அதில் செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, அங்கிருந்து வயர் இழுத்து எல்லா மேசைக்கும் எர்த்து கொடுத்தார்கள். எர்த்துக் குழி என்றால் அப்படித்தான் போடுவார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் கரண்ட் இறங்கும் என்பதால் அதற்குத் தண்ணீரும் ஊற்ற வேண்டும்.

போன வருஷம் சொரிமுத்து முதலாளி நெஞ்சு வலி வந்து போய்விட்டார். மகன் மகேஷ்குமார் ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கினான். துபாய்க் கடைகளைப் பார்த்த கண்ணுக்கு இந்தக் கடை தொழுவம் மாதிரி இருந்திருக்கும். கடையை ஒரு மாதம் மூடி, எல்லோருக்கும் லீவு கொடுத்து, இடித்துக் கட்டினான். திரும்பி வந்தபோது கண்ணாடிக் கதவு, மரம் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் தரை, நடுங்க வைக்கிற ஏசி. வேலைக்காரர்களுக்குப் பெயர் தைத்த பாலியஸ்டர் கோட்டு. தரை அழுக்காகக் கூடாது என்று உள்ளே போட ரப்பர் செருப்பு. நிலைமின்சாரத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேறு எதுவும் வேண்டியதில்லை என்று ரெனி அன்றே சொன்னாள். யார் கேட்டார்கள்?

அதற்குப் பிறகுதான் போர்டுகள் சாக ஆரம்பித்தன.

ரெனி முதலில் கோட்டைக் குற்றம் சொன்னாள். பிறகு செருப்பை. பிறகு செல்வமணியின் கயிறுகளை. சுசீலாபாய் குப்பை வாருகிற பிளாஸ்டிக் பையைக்கூட அவள் விடவில்லை. தினமும் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பட்டையைச் சோதிக்கிற சின்னப் பெட்டியில் விரல் வைக்கச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தால் பட்டை நல்ல பட்டை, கட்டியிருப்பதும் ஒழுங்கு. தன் விரலை வைக்கும்போது விளக்கு உடனே எரியும். அதைப் பார்த்து ஒரு கணம் நிம்மதியாக நிற்பாள். அப்படியும் போர்டுகள் செத்தன. நன்றாக ஓடுகிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தது.

ஒருநாள் மகேஷ்குமார் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான்.

“ரெனி, ஒண்ணு சொல்லுதேன், வெசனப்படாதே. திரும்பி வந்ததொக்க ஒன் மேசையில செய்ததாக்கும். செல்வமணி செய்ததுல ஒண்ணும் வரல்ல.”

“அவன் செய்யது வயரும் பியூசும் மொதலாளி. அதைச் சுத்தியல் வச்சு அடிச்சாலும் சாவாது. ஐசி உள்ள போர்டு மொத்தமும் எனக்குல்லா வருது.”

“அதொக்க சரிதான். பக்ஷே கைராசின்னு ஒண்ணு உண்டு. சிலருக்கு அது இருக்கும், சிலப்போ போயிரும். ஆரோட குத்தமும் இல்ல.”

“எதுன்னு சொன்னீய?”

“கைராசி.” அவன் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “பிள்ளைங்க வார்டு மானிட்டர் கொஞ்சம் வருது. அதை நீ தொட வேண்டாம். திங்களாழ்ச்ச முதல் ரிசப்ஷன்ல இரு. வாறவங்ககிட்டச் சிரிச்சுப் பேசினா போதும்.”

ரெனியைப் போய்ச் சிரித்துப் பேசச் சொன்னான்.

அவளுக்கு அந்த மேசை வெறும் மேசையில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே இழுத்து, சோல்டரிங் அயனைக் கையில் எடுக்கிற நேரத்தில் மட்டும்தான் அவளுக்கு யார் மேலும் இளக்காரம் இருக்காது. கடுகைவிடச் சின்னதான ஒன்றை அதன் இடத்தில் உட்காரவைத்து, அது ஒட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது உலகத்தில் யாரும் முட்டாளாகத் தெரிய மாட்டார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் மிச்சமிருப்பது வாய் மட்டுந்தான். அந்த நினைப்பு அழுகையைக் கொண்டுவந்தது. அழுது பழக்கமில்லாததால் அது பாதி வழியிலேயே கோபமாகிவிட்டது.

கைராசியாம். படித்தவன் சொல்கிறான். விமானத்தில் ஏறி இறங்கினவன் சொல்கிறான்.

சனிக்கிழமை மகேஷ்குமார் ஷிபினை அழைத்துவந்தான். ஷிபின் எம்.பி.ஏ. படித்துவிட்டு வாஸ்து பார்க்கிறவன். போனில் உள்ள திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடைக்குள் மெல்லச் சுற்றிவந்தான். ரிசப்ஷன் மேசையை எங்கே போட்டால் ரெனியின் தோஷம் மற்றவர்களுக்குப் பரவாது என்று பார்க்கத்தான் அவனை வரவழைத்திருக்கிறார்கள் என்பதைச் சுசீலாபாய் வந்து காதில் சொன்னாள். ரெனி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஷிபின் அவள் மேசைக்கு அருகே வந்து நின்றான். மரியாதையான பையன். மரியாதை இருந்தால் மூளை இருக்க வேண்டும் என்று சட்டமா?

“சேச்சி பேடிக்க வேண்டா, பயம் ஒண்ணும் இல்ல. பெரிய தோஷம் நான் கடைப்பணி நடக்கும்போழே எடுத்தாச்சு, கேட்டோ. இது பாக்கி கெடக்குற சின்னது.”

“பெரிசு என்ன எடுத்தீரு?”

“கன்னி மூலையில ஒரு குழி. வீடானாலும் கடையானாலும் தென்மேற்கு மூலையில குழி கூடாது. அதும் இது வெறும் குழியல்ல சேச்சி.” குரலைத் தாழ்த்தினான். “கூடோத்திரம்.”

கூடோத்திரம் என்றால் அந்த ஊரில் செய்வினை. ஆகாதவன் மண்ணில் தகடு எழுதிப் புதைப்பது.

“தோண்டினப்போ கரி வந்து, பின்ன உப்பு வந்து, அடியில செம்புத் தகடு. தகடுல எழுத்து. பணிக்காரங்க எல்லாரும் ஓடிப்போயாச்சு.” ஷிபின் போனை எடுத்துப் படத்தைத் தேடினான். “கண்டோ? தலைகீழா ஒரு கோபுரம். குடும்பம் தலைகீழாப் போகும்னு அர்த்தம்.”

பின்னால் நின்ற மகேஷ்குமாரின் கண் கலங்கியிருந்தது. “அப்பாவைக் கொண்டுபோனது அதாக்கும் ரெனி. டாக்டர் நெஞ்சு வலின்னு எழுதினான். டாக்டருக்கு என்ன தெரியும்?”

ரெனி படத்தைப் பார்த்தாள். மண் அப்பிய செம்புத் தகடு. அதன் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, அதற்குக் கீழே மூன்று படுக்கைக் கோடுகள், மேலேயிருப்பது பெரியது, நடுவில் கொஞ்சம் சின்னது, அடியில் அதைவிடச் சின்னது. மூன்றாவது கோடு வலதுபக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஸ்குரூடிரைவர் வழுக்கியதால் அப்படி ஆனது. வழுக்கியபோது அவள் விரலில் ரத்தம் வந்தது.

“இது எர்த்து அடையாளம்லா!” அவள் குரல் ஏசி சத்தத்துக்கு மேலே எழும்பியது. “இதை நான் வரஞ்சதாக்கும். நானாக்கும் வைக்கச் சொன்னேன்!”

சுசீலாபாயின் துடைப்பம் நின்றது. செல்வமணி கையிலிருந்ததைக் கீழே வைத்தான். வாயைவிட்டு வார்த்தை போன பிறகுதான், எந்த ஊரில், எந்த ஆட்களுக்கு முன்னால் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று ரெனிக்கு உறைத்தது.

“நீயா?” என்றான் மகேஷ்குமார்.

“மொதலாளி, அது எர்த்துக் குழி…”

“தகடு வச்சது நீயா?” அவன் முகத்தில் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தான். “ரெனி, நான் நெடுமங்காட்டுல ஆளை வச்சுப் பூசை செய்தேன். வச்ச கை வெளங்காமப் போகணும்னு கறுத்த கோழி அறுத்துப் பூசை செய்தேன்.”

ஷிபின் ரெனியின் கையையும் மகேஷ்குமாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, தேர்வில் பாஸான பையன் மாதிரி மெல்லச் சொன்னான்: “பலிச்சு.”

இதற்குச் சிரிப்பதா, பிடரியில் ஒன்று வைப்பதா? கணக்கு அவர்களுக்கு அவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது. தகடு வைத்தாள், கிழவர் போனார். எதிர்ப்பூசை செய்தார்கள், கை விளங்காமல் போனது. அந்தக் கை தொட்ட போர்டெல்லாம் சாகிறது. இதில் ஓட்டை கண்டுபிடிக்கிறவன் பிறந்துதான் வர வேண்டும்.

“தகடு இப்ப எங்க?”

“கரமனையாத்துல விட்டாச்சு.”

“வயரு?”

“ஏது வயரு?”

ரெனி பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தாள். குமிழிலிருந்து இறங்கிய பச்சை வயரைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரோரமாக ஓடி, அலமாரிக்குப் பின்னால் புகுந்து, ஜன்னல் சட்டத்தின் ஓட்டை வழியாக வெளியே போனது. பின்கதவைத் திறந்துகொண்டு அவளும் போனாள். மூலையில் புதுச் சிமெண்டுத் தளம் வழவழவென்று கிடந்தது. வயர் அதன் ஓரத்தில் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. பிடித்து இழுத்தாள். ஒரு முழ வயர் எந்தப் பிடிவாதமும் இல்லாமல் கையோடு வந்தது. முனையில் மண்வெட்டி வெட்டிய வெட்டு.

எல்லோரும் அவள் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றிருந்தார்கள்.

ரெனி அந்த முனையைப் பார்த்தபடி நின்றாள். கடையை மறுபடி திறந்த நாளிலிருந்து இன்று காலை வரை அவள் பட்டை கட்டி, சுருள் வயரை மாட்டி, அதிலிருந்து போகிற வழி மண்ணில் போய் முடிகிறது என்று நம்பி உட்கார்ந்திருந்தாள். அது ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது. பச்சை விளக்கு பட்டையைத்தான் சோதித்தது, சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வயரில் வழி இருக்கிறதா என்று காட்டுகிற மீட்டர் எப்போதும் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுத்துச் சுவர்ப் பக்கம் ஒருமுறை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கிழவர் போன பிறகு குழிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட அவள் பின்பக்கம் போகவில்லை. கட்டியிருக்கிறோம், காக்கும் என்று விட்டுவிட்டாள்.

செல்வமணிக்கு இந்த மாதிரி விஷயங்களில் மட்டும் மூளை வேகமாக ஓடும்.

“அப்பம் இத்தன நாளும் நீங்க கெட்டியிருந்ததும் கயிறுதானக்கா?”

“வாயப் பொத்துடே.”

சொன்னாளே தவிர, காது மடல் எரிந்தது. ஊரையெல்லாம் சிரித்த சிரிப்பு மொத்தமும் திரும்பி வந்து முகத்தில் அப்பியது. அவன் கட்டியிருப்பதாவது எந்தச் சாமிக்கு என்று தெரிந்த கயிறு. பச்சைக் கயிறு தவிர.

ஆனால் அவமானப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. திங்கள்கிழமை வந்துவிட்டால் மேசை போய்விடும். உள்ளே வந்து, ரிப்பேருக்குக் காத்திருந்த ஒரு மானிட்டரைத் திருப்பி, பின்பக்கத்து ஸ்குரூவுக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்ததை மகேஷ்குமாருக்குக் காட்டினாள். நெட்டுக்கோடு, கீழே மூன்று கோடு. பக்கத்து ஈசிஜி மெஷினைத் திருப்பினாள். அதிலும் அதே. பம்ப்பைத் திருப்பினாள். அதிலும்.

மகேஷ்குமாருக்கு வேர்த்துவிட்டது, அந்த ஏசியில். “எல்லாத்திலயும் வச்சிருக்கியா?”

“என் தெய்வமே!” ரெனி கத்தியே விட்டாள். “இது ஜெர்மனியில செய்த மெஷின் மொதலாளி! ஜெர்மன்காரனுக்கு ஒங்க குடும்பத்துமேல என்ன வெரோதம்?”

அது கொஞ்சம் உள்ளே போனது. அவன் ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து பார்த்தான். ஷார்ஜாவில் இருந்தபோது இந்தக் கோடுகளை ஆயிரம் தடவை பார்த்திருப்பான், பார்த்ததாகத் தெரியவில்லை.

“அப்பா இதுக்குச் சம்மதிச்சாரா?”

“சம்மதிக்காமலா? குழி வெட்டின அன்னைக்கு முழுக்க வெயில்ல நாற்காலி போட்டு இருந்தாரு. மொதக் குடம் தண்ணி அவரு கையாலயாக்கும் ஊத்தினாரு. பெறவு நிதமும், நான் மறந்தாலும் அவரு மறக்கமாட்டாரு.” அந்தக் கிழவரை அவளுக்குப் பிடிக்கும். எதற்கு என்று கேட்காமல், தேவை என்றால் செய் என்று சொன்ன ஒரே மனுஷன்.

மகேஷ்குமாரின் முகம் இளகியது. இளகி, யோசித்து, பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. “தண்ணி ஊத்தினாரு. பின்ன எத்தன நாள் இருந்தாரு?”

அப்போதுதான் ரெனி வாயை மூடினாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை. இவனிடம் எலக்ட்ரான் என்று பேசினால் அது எந்த மந்திரவாதி என்று கேட்பான். பேச்சில் ஜெயித்துக்கொண்டே ரிசப்ஷனுக்குப் போகலாம். இல்லாவிட்டால்… அவள் தன் கையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். நாக்கில் நின்ற வசவு மொத்தத்தையும் மென்று விழுங்கினாள். வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இறங்கியது.

“சரி மொதலாளி. ஒங்க வழிக்கே வாரேன். வச்சது நான். எடுத்தது நீங்க. எடுத்ததுல மொறை தப்பிப்போச்சு.”

மகேஷ்குமார் நிமிர்ந்தான். இந்த மொழி அவனுக்குப் புரிந்தது.

“வச்ச கையே திருப்பி வச்சாத்தான் தீரும். கன்னி மூலையில வேண்டாம், அது தப்பு, நான் ஒத்துக்கிடுதேன். அக்கினி மூலையில வைப்போம். ஆள் உயரத்துக்குக் குழி. புதுச் செம்புத் தகடு. கரி, உப்பு, கரி, உப்புன்னு மாத்தி மாத்தி. அதுலேர்ந்து செம்புக் கம்பி எல்லா மேசைக்கும். பெறவு நிதம் காலையில கடைக்கு உடையவன் கையால ஒரு குடம் தண்ணி.” அவள் ஷிபின் பக்கம் திரும்பி, கண்ணுக்குள் பார்த்தாள். “ஷிபினே, அக்கினி மூலை கரண்டுக்கு உள்ளதுதானே? ஒமக்குத் தெரியாததா?”

ஷிபின் முட்டாளில்லை. அவனுக்குத் தப்பிக்க ஒரு கதவு திறந்திருப்பது தெரிந்தது.

“அதே, அதே. நானும் அதுதான் சொல்ல வந்தது. பரிகாரம் அதுதான்.”

அந்தப் பரிகாரம் நல்ல நாள் பார்த்து நடந்தது. தேங்காய் உடைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். எலக்ட்ரீஷியன் கழுத்தளவு குழிக்குள் நின்றுகொண்டு, இதெல்லாம் எர்த்துக்கு எதற்கு என்று ரெனியைக் கேட்டான். பேசாமல் வேலையைப் பார் என்றாள். தகட்டில் அவளையே வரையச் சொன்னார்கள், வைத்த கை அல்லவா. நெட்டுக்கோடும் கீழே மூன்று கோடும் வரைந்தாள். இந்தத் தடவை வழுக்கவில்லை. ஷிபின் வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஏதோ முணுமுணுத்தான். எல்லோரும் போன பிறகு ரெனி மீட்டரை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்து, குழியில் வைத்துப் பார்த்து, இன்னொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்குப் போனாள்.

போர்டுகள் சாவது நின்றது. பிள்ளைகள் வார்டு மானிட்டர்கள் அவள் மேசைக்கே வந்தன, போனவை திரும்பி வரவில்லை. “கைராசி திரும்பிக் கிட்டியாச்சு, கண்டியா?” என்று மகேஷ்குமார் பூரித்துப்போனான். பெயர் முழுவதும் ஷிபினுக்குப் போனது. சாலைக் கடைத்தெரு முழுக்க மின்தோஷப் பரிகாரம் என்று ஒன்று புதிதாகப் பரவி, அதுவரை எர்த்து என்றால் பிளக்கில் உள்ள மூன்றாவது கால் என்று மட்டும் நினைத்திருந்த மண்டிக்காரர்களெல்லாம் அக்கினி மூலையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஷாக் அடித்துச் சாக வேண்டியவன் எவனாவது இதனால் பிழைத்தாலும் பிழைப்பான். அவனும் போய் ஷிபினுக்கு மாலை போடுவான்.

ரெனிக்கு வயிறு எரியாமல் இல்லை. ஆனால் மேசை இருந்தது.

ஒருநாள் காலை அவள் உள்ளே நுழையும்போது சுசீலாபாய் பின்பக்கத்திலிருந்து உரக்கக் கேட்டாள்: “எர்த்தம்மாவுக்குத் தண்ணி ஊத்தியாச்சா மொதலாளி?”

ரெனி நின்றுவிட்டாள். பெயரைச் சத்தமாக, முகத்துக்கு நேரே! பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தபோதுதான் அது தன்னையில்லை என்று தெரிந்தது. எர்த்துக் குழியின் சிமெண்டு மூடியில் குங்குமத்தால் ஒரு நெட்டுக்கோடும் மூன்று படுக்கைக் கோடும் போட்டு, மேலே ஒரு செம்பருத்திப்பூ வைத்திருந்தது. மகேஷ்குமார் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தான். செல்வமணி போகிறபோக்கில் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் கையில் நீலப் பட்டை கயிறுகளுக்குக் கீழே, தோலில் படிந்து, ஒழுங்காக இருந்தது.

வாய் நிறைய வந்தது அவளுக்கு. ஆனால் மகேஷ்குமார் ஊற்றுகிற தண்ணீர் நின்று நிதானமாக மண்ணுக்குள் இறங்குவதையும் பார்த்தாள். சொரிமுத்து முதலாளி ஊற்றியபோதும் இப்படித்தான் இறங்கியது. மேசை மேலிருந்த மீட்டரை எடுத்துக்கொண்டு, சேறாகாமல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். பூவை ஒதுக்கி, மூடியைத் தூக்கி, தலையை நன்றாகக் குனிந்து போல்ட்டில் முனையை வைத்தாள். இனி ஒரு நாளும் வைத்துப் பார்க்காமல் மேசைக்குப் போகப்போவதில்லை.

ரிப்பேருக்கு மெஷின் கொண்டுவந்த யாரோ ஒருவர் பின்கதவருகே வந்து, குனிந்திருக்கிற ரெனியைப் பார்த்துவிட்டு, தானும் செருப்பைக் கழற்றிக் கைகூப்பினார்.